பள்ளத்தூர் பக்கம் பூட்டிய வீட்டில் திருட்டு: காவல்காரரை "முறையாக விசாரிக்க" சொல்லலாமா?

வளவு வீட்டுப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூர் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. ஐயா காலத்து வீடு, இப்போது பங்காளிகள் பல புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ச் சேர்ந்தது. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் மொத்த வீட்டையும் திறப்போம். மற்ற நாட்களில் ஒரு காவல்காரர் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு முகப்பில் படுத்துக்கொள்வார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. என் அப்பச்சி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் இந்த வீட்டோடு இருக்கிறது.

போன வாரம் வளவில் பெரியப்பா அறையின் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். வெண்கலப் பானைகள், வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, வெள்ளித் தட்டுகள், மங்குச் சாமான் ஒரு பெட்டி, ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஒரு கடிகாரம் எல்லாம் போய்விட்டன. பின்கட்டுக் கதவின் நாதாங்கி நெம்பியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் பார்த்துவிட்டுப் பதறிப்போய், அறையைக் கூட்டி ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டார்கள். சித்தப்பா ஸ்டேஷனுக்குப் போய் வாயால் சொன்னார், ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள். தெருமுனை பேக்கரியில் கேமரா இருக்கிறது. ஓடுகிற திரையை என் தம்பி செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே பேச்சு. "காவல்காரருக்குத் தெரியாமல் எவனும் வந்திருக்க முடியாது. ஸ்டேஷனில் சொல்லி முறையாக விசாரிக்கச் சொல்லுங்கள், நாலு தட்டு தட்டினால் வந்துவிடும். ஒப்புக்கொண்டால் கேஸ் முடிந்தது." ஒரு மாமா, மயக்க மருந்து கொடுத்துக் கேட்கிற நார்கோ டெஸ்ட் என்கிறார். இன்னொருவர், புகாரில் ஆள் பெயர் போடாவிட்டால் கேஸ் நிற்காது, அவர் பெயரையே போடு என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சட்டம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவிலூர்க்காரன்:

தம்பி, முதலில் கைரேகை எடுக்கச் சொல்லுங்கள். காவல்காரர் ரேகை அறைக்குள் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். எங்கள் சொந்தக்காரர் வீட்டுத் திருட்டில் மோப்ப நாய் வந்து பஸ் நிற்கிற இடம்வரை ஓடி நின்றது. நாய் யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவன்தான். ஆச்சி கூட்டிவிட்டதால் தடயம் எல்லாம் போச்சு என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் விசாரணையை விட்டால் வழி கிடையாது.

பழைய ரைட்டர்:

தம்பி, சிவகங்கை மாவட்டத்து ஸ்டேஷன்களில் ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புகாரைப் பதிவதும், எஃப்ஐஆர் போடுவதும், கோர்ட்டுக்குப் போகும் கட்டைத் தைப்பதும்தான் என் வேலை. அந்தக் கட்டு கோர்ட்டில் எந்த இடத்தில் கிழிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது. போலீஸிடம் ஒருவர் "ஆமாம், நான்தான் எடுத்தேன்" என்று சொன்னால் அது அவருக்கு எதிராகக் கோர்ட்டில் செல்லவே செல்லாது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே 25, 26 பிரிவுகளில் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-வது பிரிவு அதையே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் அடித்து வாங்குகிற ஒப்புதலை நம்ப முடியாது என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்த சட்டம் அது. மாஜிஸ்திரேட் முன்னால், அவராகவே விரும்பிச் சொல்வது வேறு கணக்கு. அங்கேயும் "இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று மாஜிஸ்திரேட் எச்சரித்த பிறகுதான் எழுதுவார்கள்.

அப்படியானால் பேப்பரில் தினமும் "குற்றவாளி ஒப்புதல் வாக்குமூலம்" என்று வருகிறதே என்பீர்கள். அதில் ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பிடிபட்டவன் சொன்னதை வைத்துப் போய், அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய வார்த்தைகள் மட்டும் உள்ளே வரும். ஒருவன் இப்படிச் சொல்கிறான் என்று வையுங்கள்: "நான் பூட்டை உடைத்துத் திருடிய பானையைக் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் புதைத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்." இதில் பானையைக் கண்மாய்க்கரையில் புதைத்து வைத்திருக்கிறேன் என்பது மட்டும் நிற்கும். "பூட்டை உடைத்துத் திருடிய" என்பது கழன்றுவிடும். 1946-இல் புளுகுரி கொட்டையா வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. இன்றுவரை அதுதான் நடைமுறை. ஆக, வாய்ப்பேச்சு எத்தனை பக்கம் இருந்தாலும் கேஸைத் தாங்குவது கிடைத்த பொருளும், அது உங்களுடையதுதான் என்று நீங்கள் காட்டுகிற அடையாளமும்.

இப்போது யோசியுங்கள். அந்தப் பெரியவரை அடித்தால், வலி தாங்காமல் எடுத்தேன் என்பார். பொருள் எங்கே என்றால் அவருக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் போனால் ஒரு வரி நிற்காது. அதற்குள் உண்மையில் எடுத்தவன் வெள்ளியை உருக்கிவிடுவான்.

2025 ஜூனில் நம் மாவட்டத்திலேயே நடந்ததை மறந்துவிடாதீர்கள். திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த இளைஞர், நகை காணாமல் போனது என்ற புகாரில் விசாரணைக்குப் போனவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. போலீஸ்காரர்களே கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. நகை புகாரில் தொடங்கியது கொலை வழக்காக முடிந்தது. நான் போட்டிருந்த காக்கிச் சட்டையை இன்னும் மரியாதையோடுதான் மடித்து வைத்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், "நாலு தட்டு" என்ற வார்த்தையை உங்கள் குடும்பத்திலிருந்து யாரும் ஸ்டேஷனில் போய்ச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

பெயர் போடாவிட்டால் கேஸ் நிற்காது என்பது தவறு. "அடையாளம் தெரியாத நபர்" என்று போட்ட எஃப்ஐஆர்கள்தான் திருட்டுக் கேஸில் பெரும்பாலும் வரும். எஃப்ஐஆர் என்பது விசாரணையைத் தொடங்கி வைக்கிற காகிதம், அவ்வளவுதான். அதுவே சாட்சியம் ஆகாது. கொடுத்தவர் கூண்டில் ஏறிச் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று பார்க்கத்தான் எடுப்பார்கள். அதனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதினால், பின்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். காவல்காரரைப் பற்றி என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை வருஷமாக இருக்கிறார், எந்தச் சாவி அவர் கையில், அன்று ராத்திரி எங்கே படுத்திருந்தார். சந்தேகம் வேறு, விவரம் வேறு.

சித்தப்பா கையில் இருப்பது சிஎஸ்ஆர் ரசீதாக இருக்கும். அது மனு வாங்கியதற்கு அத்தாட்சி, எஃப்ஐஆர் ஆகாது. பல பேர் அந்தச் சீட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு கேஸ் நடக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார்கள். நேரில் போய் எழுத்தில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். பூட்டை உடைத்துத் திருடியது என்றால் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம்; புகாரைப் படித்தாலே அது தெரிகிறபோது எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இப்போது புகாரில் என்ன எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் செட்டிநாட்டு வீட்டுத் திருட்டுகள் கோர்ட்டில் தோற்பது இந்த இடத்தில்தான். "வெண்கலப் பானை, வெள்ளிச் சாமான் முதலியன, மதிப்பு இவ்வளவு" என்று ஒரே வரியில் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு ஒரு பழைய சாமான் கடையிலோ எவன் வீட்டுப் பரணிலோ பானை கிடைத்தால், அது உங்கள் பானைதான் என்று எப்படிச் சொல்வீர்கள்? விலாசம் (குடும்பப் பெயரெழுத்து) வெட்டியிருக்கிறதே என்பீர்கள். சரி. ஆனால் அதே விலாசம் பங்காளி வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் இருக்கும். பாகம் பிரித்தபோது விற்றது, மகளுக்குச் சீராகக் கொடுத்தது என்று ஊர் முழுக்க அதே எழுத்து சுற்றுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். எழுத்துக்கு மேல் ஒன்று வேண்டும். வாய் விளிம்பில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, கழுத்தில் ஈயம் வைத்துப் பற்றிய இடம் எங்கே, குத்துவிளக்கின் அன்னத்துக்கு மூக்கு உடைந்ததா, கடிகாரத்தின் பின்தகட்டில் என்ன எண். கல்யாண ஆல்பத்தை எடுங்கள். மணவறை ஓரத்தில் அந்த விளக்கு நிற்கும். படைப்பு வீடியோவில் தட்டு தெரியும். சாமான் எழுதி வைத்த பழைய நோட்டு ஆச்சிமார் யாரிடமாவது இருக்கும், தேடுங்கள். கடைசியாக எல்லாச் சாமானையும் யார், எந்த நாளில் பார்த்தார்கள், பூட்டியது யார் என்பதையும் எழுதுங்கள். புகார் தாமதமானதற்குக் காரணம் இருந்தால் அதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் ஜோடித்ததுபோல் இருக்கும்.

கோவிலூர்க்காரர் அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ரேகை விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். தினமும் விளக்கேற்றுகிறவரின் ரேகை அந்த வீட்டில் இருக்கத்தான் செய்யும். அது எதையும் நிரூபிக்காது. வீட்டுக்கு வரவே காரணம் இல்லாத ஒருவனின் ரேகை, உள்பெட்டியின் மூடியில் இருந்தால்தான் அது பேசும். அதற்காகத்தான் வீட்டு ஆட்களின் ரேகையையும் எடுத்துக் கழித்துப் பார்ப்பார்கள். உங்களிடம் கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள். ரேகை கிடைக்காவிட்டால் கேஸ் செத்தது என்பதும் இல்லை; கரடுமுரடான மரத்திலும் துருப்பிடித்த இரும்பிலும் நல்ல ரேகை விழுவது அபூர்வம். நாய் போலீஸுக்குத் திசை காட்டும். அதன் மோப்பத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதல்லவா.

ஆச்சி கூட்டியதை நினைத்து யாரும் அவரைத் திட்டாதீர்கள். உடைந்த பூட்டு எங்கே? குப்பையில் போட்டிருந்தாலும் எடுத்து, கை படாமல் காகித உறையில் போட்டு வையுங்கள். நாதாங்கியை ஆசாரியை வைத்துச் சரிசெய்துவிடாதீர்கள். நெம்பிய தழும்பில் கருவியின் பல் பதிந்திருக்கும். பிடிபட்டவனிடம் கம்பி கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் மிச்சம்.

தம்பி எடுத்த செல்போன் படம் துப்புக்கு உதவும், கோர்ட்டுக்கு உதவாது. பேக்கரிக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கேமரா பதிவாகிற இந்த டிவிஆர் பெட்டிகளில் இடம் நிறைந்தால் பழையது மேல் புதியது ஏறிவிடும். சில இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. போலீஸிடம் எழுத்திலேயே, இந்தக் கடையில் கேமரா இருக்கிறது, டிவிஆரைக் கைப்பற்றுங்கள் என்று புகாரில் சேர்த்துவிடுங்கள்.

தேவகோட்டை வழக்கறிஞர்:

ரைட்டர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. புதிய சட்டங்களில் உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் சேர்க்கிறேன்.

காவல்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது என்கிறீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-வது பிரிவின்படி, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது. அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும், அவர்களாக விரும்பி வந்தால் தவிர. இது அந்தப் பெரியவருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் பொருந்தும். இருவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் அரசியல் சாசனத்தின் 20(3) பாதுகாப்புத் தருகிறது. கைது என்று வந்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

நார்கோ பற்றி மாமாவிடம் சொல்லுங்கள்: செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடம் மூன்றையும் சம்மதம் இல்லாமல் யாருக்கும் செய்யக் கூடாது என்றது. சம்மதித்துச் செய்தாலும் அதில் சொன்னது தனியாகச் சாட்சியம் ஆகாது.

கேமரா பதிவுக்கு சாக்ஷிய அதினியம் 63(4)-இல் சான்றிதழ் வேண்டும். நகல் எடுத்துக் கொடுத்தால், அந்தக் கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டுகிற ஹாஷ் எண்ணும் அதில் வரும். சான்றிதழ் இல்லாத நகலைக் கோர்ட் ஏற்காது என்பது அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-இலேயே உறுதியாகிவிட்டது. பேக்கரிக்காரர் பயப்படலாம். அவர் குற்றத்துக்குச் சாட்சி இல்லை, கேமரா சரியாக ஓடியது என்பதற்குத்தான் சாட்சி என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சோதனை போட வாரண்ட் இல்லை என்றால் கிடைத்த பொருளைக் கோர்ட் தூக்கி எறிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அமெரிக்கப் படங்களில் பார்த்தது. நம் நாட்டில் சோதனையில் குறை இருந்தாலும் பொருள் வழக்குக்குச் சம்பந்தப்பட்டது என்றால் ஏற்கலாம் என்று பூரன்மல் வழக்கில் 1973-இலேயே தீர்ப்பு வந்தது. ஆனால் இப்போது சுரக்ஷா சன்ஹிதா 105-வது பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் கைப்பற்றியதே சந்தேகத்துக்கு இடமாகும். உங்கள் பொருள் கிடைத்தால் அந்த வீடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் போலீஸுக்கு இருக்கிறது. நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள்.

வளவு வீட்டுப் பிள்ளை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நானே ஊருக்கு வந்து எழுத்தில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் வாங்கிவிட்டேன், "அடையாளம் தெரியாத நபர்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். டிவிஆரை எடுத்துப் போயிருக்கிறார்கள். பூட்டு, பின்கட்டில் விறகுக்குள் கிடந்தது. குழுவில் ரைட்டர் ஐயா எழுதியதை அப்படியே போட்டேன். மாமா ஒன்றும் பேசவில்லை, பெரியப்பா மட்டும் காவல்காரருக்குப் போன் செய்து "பயப்படாமல் இரு" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு சந்தேகம். வீட்டைப் பார்க்க வந்த எஸ்.ஐ. ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார், என்னிடம் கேட்டதை எழுதிய காகிதத்தில் கேட்கவில்லை. ஏன்? அப்புறம், பொருள் கிடைத்தால் கேஸ் முடிகிறவரை, பத்து வருஷம் ஆனாலும் கோர்ட்டிலேயே கிடக்கும் என்கிறார்களே, உண்மையா?

பழைய ரைட்டர்:

கையெழுத்து வாங்கியது பார்வை மகஜர். வீடு எந்தத் திசை பார்த்தது, எந்தக் கதவு எப்படி உடைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்ததை எழுதி, கூட இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது. படித்துப் பார்த்துப் போடுங்கள். எழுதாத தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள். உங்களிடம் கேட்டு எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். மிரட்டிக் கையெழுத்து வாங்கி, பின்னால் அதைக் காட்டிச் சாட்சியைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு. எஸ்.ஐ. முறையாகத்தான் நடந்திருக்கிறார்.

பொருள் கோர்ட்டிலேயே கிடக்கும் என்பது உண்மை இல்லை. கிடைத்ததும் நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். போட்டோ எடுத்து, விவரக்குறிப்பு எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச் சட்டமான சுரக்ஷா சன்ஹிதாவில் 497-வது பிரிவில் அதற்கு நாள் கணக்கே போட்டிருக்கிறார்கள்: பொருள் கோர்ட்டுக்கு வந்து பதினான்கு நாளில் விவரக்குறிப்பு, அதிலிருந்து முப்பது நாளில் உத்தரவு. பங்காளிகள் பலர் இருப்பதால், யார் பெயரில் வாங்குவது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்றை இப்போதே தயார் செய்துவிடுங்கள். திருடன் பிடிபட்ட பிறகும் பங்காளிச் சண்டையால் சாமான் கோர்ட் அறையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பானையைப் புளி போட்டு விளக்கவோ, பற்று வைத்த இடத்தைப் புதுப்பிக்கவோ, பாகம் பிரித்துக் கொடுக்கவோ கூடாது. சாட்சி சொல்கிற நாளில் அதைத் திரும்பக் கொண்டுபோய், இந்த நசுங்கல்தான், இந்த ஈயம்தான் என்று நீங்கள் தொட்டுக் காட்ட வேண்டும். யார் சாட்சி சொல்லப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அந்தப் பானையில் பொங்கி இறக்கிய ஆச்சி யாராவது சொன்னால் நல்லது.